புதுப்பிப்பு: கர்ப்பத்தின் எட்டாவது வாரத்தில் வெள்ளைப்படுதல், மெட்ரோனிடசோல் சாப்பிடலாமா?

சுங்கை சிப்புட் தோட்டப் பக்கம் ஓர் அக்கா கேட்டதற்கு, "முதல் மூன்று மாதம் மெட்ரோனிடசோல் (ஓர் ஆன்டிபயாட்டிக்) வேண்டவே வேண்டாம்" என்று முன்பு எழுதியிருந்தோம். அது பழைய எச்சரிக்கை; திருத்துகிறோம். எலிகளிடம் கண்டதை வைத்து வந்த பயம் அது. கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வுகளில் பிறவிக் குறை கூடியதாகத் தெரியவில்லை.

மீன் வாடையோடு சாம்பல் நிறத்தில் நீர்த்துப் போனால் பெரும்பாலும் பாக்டீரியா தொற்று. இதற்கு டாக்டர் வழக்கமாக எழுதுவது மெட்ரோனிடசோல் 400 மி.கி., தினம் இரு வேளை, 5 முதல் 7 நாள். 2 கிராமை ஒரே வேளையில் விழுங்குவது கர்ப்பத்தில் வேண்டாம். வாயில் உலோகச் சுவை வரும், மசக்கையோடு சேர்ந்தால் குமட்டும்; சாப்பிட்ட பிறகு போடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் கிளிண்டமைசின் என்ற வேறு ஆன்டிபயாட்டிக் உண்டு.

தயிர்க்கட்டி போல வெள்ளையாக, அரிப்போடு வந்தால் அது பூஞ்சை. ஆன்டிபயாட்டிக் கேட்காது, வீட்டில் மிஞ்சிய அமோக்சிசிலினைப் போட்டால் அரிப்பு கூடத்தான் செய்யும். இதற்குக் குளோட்ரிமசோல், பிறப்புறுப்புக்குள் வைக்கும் பூஞ்சை மாத்திரை, இரவில், 7 நாள். மாத்திரையை உள்ளே வைக்கும் குழாயை ஆழமாகத் தள்ளாமல் மெதுவாக வையுங்கள், விரலாலும் வைக்கலாம். பார்மசியில் கிடைக்கும் ஃப்ளுகோனசோல் 150 மி.கி. மாத்திரை (விழுங்கும் பூஞ்சை மருந்து) இப்போது கூடாது. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் அப்படியே.

வெற்றிலைத் தண்ணீரால் உள்ளே கழுவுவதை நிறுத்துங்கள், பாட்டி கோபித்துக்கொண்டாலும் சரி. நல்ல கிருமியும் போய்விடும்.

இரத்தம், காய்ச்சல், அடிவயிற்று வலி இருந்தால் அன்றே கிளினிக். கர்ப்பப் பதிவேடான பிங்க் புத்தகத்தை எடுத்துப்போக மறக்காதீர்கள்.