பதில்: ஆடுபுலிக் கொட்டகை நன்கொடை

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

வெளிநாட்டில் இருக்கிற நம் ஊர்க்காரர்களிடம் நன்கொடை கேட்டு செயலாளர் அண்ணன் எழுதிய மடலைப் படித்தேன். ஊரணிக் கரையில் தகரக் கொட்டகை, உள்ளே ஆடுபுலிக் கட்டம் வெட்டிய நாலு கிரானைட் மேசை, வாசலில் நன்கொடையாளர் பெயரோடு கல்வெட்டு. தலைக்கட்டுக்கு 7,500 ரூபாய். பிள்ளைகளைக் கைபேசியிலிருந்து மீட்கணும் என்ற எண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பொங்கலுக்குப் போனபோது பார்த்ததைச் சொல்லாமல் பணம் அனுப்ப மனசு வரவில்லை.

அய்யனார் கோயில் முன்மண்டபத்தில், வடக்குத் தூணை ஒட்டி, தரைக்கல்லில் வெட்டிய ஆடுபுலிக் கட்டம் இருந்ததே, இப்போது இல்லை. கும்பாபிஷேகத் திருப்பணியில் அதன் மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். நாம் அனுப்பிய பணத்தில்தான். தண்ணீர் பட்டால் வழுக்குகிறது என்று பூசாரி சாக்கு விரித்து வைத்திருக்கிறார். இருந்த கட்டத்தை மூடக் காசு கொடுத்தோம். இப்போது புதுக் கட்டம் வெட்டக் காசு கேட்கிறோம்.

கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு ஊர் விஷயத்தில் என்ன பேச்சு என்று சித்தப்பா வீட்டில் சொன்னது என் காதுக்கும் வந்தது. பரவாயில்லை. அந்தக் கட்டத்தில் எனக்கு ஆடக் கற்றுக்கொடுத்த அப்பத்தாவும் எந்தத் தலைக்கட்டுப் பட்டியலிலும் இருந்ததில்லை.

சரி, பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். திண்ணையில் சாக்கட்டியால் கட்டம் போட்டேன். உச்சியிலிருந்து நாலு கோடு, குறுக்கே மூன்று கோடு இரு பக்கமும் நீட்டி, ஓரங்களை மூடி, அடியில் ஒரு கோடு. மொத்தம் 23 புள்ளி. புலிக்கு மூன்று கூழாங்கல், ஆட்டுக்குப் பதினைந்து புளியங்கொட்டை. மேலத்தெருப் பிள்ளைகள் தாமாகவே வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். கொட்டகை எதுவும் தேவைப்படவில்லை.

எல்லாருக்கும் புலிதான் வேண்டும். கொடுத்துவிட வேண்டும். நேர்கோட்டில் ஆட்டுக்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால் தாண்டி வெட்டலாம், இவ்வளவுதான் முதல் பாடம். ரெண்டு ஆடு வெட்டியதும் பிள்ளைக்குத் தலைகால் புரியாது. அப்புறம் அந்தப் புலியை மெதுவாக மூலைக்கு இழுத்து, நகர வழியில்லாமல் நம் ஆடுகளால் கட்டிப்போட வேண்டும். உச்சியில் நிற்கிற புலியை அடைக்க எட்டு ஆடு வேண்டும், மூலைக்குப் போன புலிக்கு நாலே போதும். இதை வாயால் சொன்னால் ஏறாது. ஒரு தடவை மாட்டிக்கொண்டவன் அடுத்த ஆட்டத்தில் மூலைப் பக்கமே போவதில்லை.

அதற்குப் பிறகுதான் ஆட்டைக் கையில் கொடுக்கணும். பதினைந்தையும் இறக்கி முடிக்கும்வரை ஒரு ஆட்டையும் நகர்த்தக் கூடாது, புலியோ சுற்றிக்கொண்டே இருக்கும். பிள்ளைகளுக்கு இங்கேதான் பொறுமை போகிறது. டீக்கடைக்காரர் பேத்தி மட்டும் வேறு மாதிரி. கொட்டையை வைத்துவிட்டு விரலை எடுக்க மாட்டாள். அந்தப் புள்ளியில் சேரும் ஒவ்வொரு கோட்டையும் கண்ணால் கடைசிவரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள். பக்கத்து மூலைகளில் வைத்த ஆட்டை எந்தப் புலியாலும் வெட்ட முடியாது, தாண்டி இறங்க அப்பால் கோடே இல்லை என்று அவளாகவே கண்டுபிடித்தாள். ஒரு ஆடும் போகாமல் பதினைந்தும் இறங்கிவிட்டால் மிச்சம் ஐந்து புள்ளிதான் காலி. அப்போது புலி வைத்திருப்பவர் முகத்தைப் பார்க்கணும்.

மேசையில் விதிமுறைகளைப் பொறிப்பதாகச் சொல்கிறீர்கள். எத்தனை ஆடு வெட்டினால் புலி ஜெயித்தது என்பதில் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் என்றைக்கு ஒத்துப்போனது? யார் கணக்கைப் பொறிப்பீர்கள்? அப்புறம், நம் மண்ணுக்கு மட்டுமே உரியது என்ற வரியை எடுத்துவிடுங்கள். ஆந்திரத்திலும் இதே மூன்று புலி, பதினைந்து ஆடு. இங்கே அபுதாபியில் எங்கள் கட்டடக் காவலாளி நேபாளத்துக்காரர். அவர்கள் பாக் சால் என்கிறார்கள்: நாலு புலி, இருபது ஆடு, 25 புள்ளி. என் மகன் அவரிடம் தோற்றுவிட்டு வந்துதான் நம்ம ஊர் ஆட்டத்தைப் பற்றியே கேட்டான்.

நான் கேட்பது இதுதான். தூணை ஒட்டிய நாலு டைல்ஸைப் பெயர்த்துவிடுங்கள், உளி கல்லில் படாமல். சத்துணவு அக்கா சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு உட்காரத் தயார் என்றார். அவருக்கு மாதாமாதம் ஏதாவது கொடுப்போம். என் பங்கு 7,500ஐ அதற்குத் தருகிறேன். கல்வெட்டில் பெயர் வேண்டாம்.

ஆசிரியர் வீட்டு மூத்தவள்

*

பொருளாளர், சிங்கப்பூர்:

தங்கச்சி மடல் நன்று. ஆனால் திருப்பணிக் கணக்கில் "மண்டபத் தரை" என்று ஒரே வரிதான் எனக்கு வந்தது. சதுர அடி எவ்வளவு, பெட்டி எத்தனை, மீதி எங்கே? மூன்று தடவை கேட்டாகிவிட்டது. இதற்குப் பதில் வராமல் கொட்டகைக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. சத்துணவு அக்காவுக்குக் கொடுப்பதானாலும் வவுச்சர் வேண்டும்.

*

பெரியப்பா, கோலாலம்பூர்:

வடக்குத் தூண் இல்லை அம்மா, தெற்குத் தூண். மதிய வெயில் அங்கே வராது, அதனால்தான் அந்த இடம். உன் அப்பன் எப்போதும் புலிதான் பிடிப்பான். தோற்கிற நேரம் வந்தால் மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று எழுந்துபோய்விடுவான். கிணற்றுப் பங்கு விஷயத்திலும் அதையேதான் செய்தான், அது கிடக்கட்டும். டைல்ஸ் பெயர்க்கிற கூலி என்னுடையது. முதலில் எந்தத் தூண் என்று விசாரித்துவிட்டு உளியை எடுக்கச் சொல்.

*

செயலாளர், துபாய்:

மீதி டைல்ஸ் என் மச்சான் வீட்டுக் குளியலறையில் இருப்பதாக மறைமுகமாகப் பேச வேண்டாம், நேராகக் கேளுங்கள். பக்கத்து ஊர்க்காரன் நூலகம் கட்டி ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறான். நாம் திண்ணையில் சாக்கட்டியால் கோடு போடுகிறோம் என்று வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா? தங்கச்சிக்கு இதெல்லாம் விளையாட்டு, எனக்கு ஊர் மானம். தகரத்துக்கும் கம்பிக்கும் போன வாரமே முன்பணம் கொடுத்தாயிற்று.

*

பொருளாளர், சிங்கப்பூர்:

எந்தக் கணக்கிலிருந்து?