சிபி (பெருமூளை வாதம்) குழந்தைகளும் ஓ.டி.யும் (அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி): இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம் இருந்தால் எழுதுங்கள்

ஸ்ரீரங்கத்து அம்மா:
மகளுக்கு வலப்பக்க ஹெமிப்ளீஜியா, அதாவது உடம்பின் வலது பக்கம் மட்டும் சரியாக வராது. இப்போது ஏழு வயது, இது நடந்தபோது ஐந்து. நல்ல கையைக் கட்டிவைத்து வராத கையை வேலை வாங்கும் முறை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்களுக்குச் சொன்னது தினம் இரண்டு மணி நேரம், மூன்று வாரம். அவள் அப்பாவின் சாக்ஸை இடது கையில் மாட்டி மணிக்கட்டில் ரிப்பன் கட்டினேன். நான்காம் நாள் மதியம், இன்னும் அரை மணி நேரம் பாக்கி இருக்கிறதே என்று தயிர்சாதத்தை அப்படியே முன்னால் வைத்துவிட்டேன். வலது கை விரல் விரியவே இல்லை, சாதம் தட்டை விட்டு வெளியே போகிறது, அவளுக்கோ நல்ல பசி. கொஞ்ச நேரம் பார்த்தாள், அப்புறம் சாக்ஸ் மாட்டிய கையால் வலது கையைப் பட் பட்டென்று அடித்தாள். "வா, வான்னா வரணும்" என்று. நான் அவளிடம் பேசுகிற அதே குரல். அழக்கூட இல்லை. சாக்ஸைக் கழற்றிவிட்டு ஊட்டிவிட்டேன், அதற்குப் பிறகு கட்டவே இல்லை. ஆனால் தெரபிஸ்ட்டிடம் மூன்று வாரமும் செய்தேன் என்று சொன்னேன். அவர் அவள் கையைப் பிடித்துப் பார்த்து "நல்லா விரியுதே" என்றார். இரண்டு வருடமாக அந்த "நல்லா விரியுதே" போகமாட்டேன் என்கிறது.

கணக்கு வாத்தியார்:
என் பையன் ஆறாம் வகுப்பு, டைப்ளீஜியா, அதாவது இறுக்கம் முக்கியமாக இரண்டு காலிலும், கையிலும் கொஞ்சம் உண்டு. பேன்ட் ஜிப்பை ஏற்ற முடியாமல் பள்ளிக் கழிவறையில் ஒரு பீரியட் முழுக்க நின்றிருக்கிறான், ஆயாம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜிப்பில் சாவி வளையம் கோத்தோம், விரலை நுழைத்து இழுத்துவிடுகிறான். என் கதை அவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதிய சகோதரிக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். கோபப்படாதீர்கள், நீங்கள் பாதியில் விட்டது சரியில்லை. 2013-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தலைமையில் சிபிக்கான சிகிச்சைகளை அலசி சிக்னல் விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தார்கள். நீங்கள் விட்டது பச்சையில் இருக்கிறது. இரண்டு கையையும் சேர்த்துப் பழக்குவதும், ஒரு குறிக்கோளை வைத்து அந்த வேலையையே பழக்குவதும், வீட்டிலேயே செய்யும் பயிற்சியும் பச்சைதான். பல இடங்களில் வருடக்கணக்காகச் செய்துகொண்டிருக்கும் என்.டி.டி., அதாவது தெரபிஸ்ட் பிள்ளையின் உடம்பைத் தன் கையால் பிடித்து அசைவைத் திருத்தும் முறை, சிவப்பு. பசி நேரத்தில் கட்டியதுதான் தப்பு, விளையாட்டு நேரத்தில் கட்டியிருக்க வேண்டும். சோழி பொறுக்குவது, பட்டாணியைக் கிண்ணத்தில் போடுவது, சப்பாத்தி மாவு பிசைவது, இப்படி. சாப்பாட்டுக்கு வேறு வழி இருக்கிறது: எவர்சில்வர் தட்டு நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி, சாதம் வெளியே போகாமல் இருக்க விளிம்பு உயர்ந்த தட்டு, ஸ்பூன் பிடியில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றித் தடிமனாக்கினால் பிடி நழுவாது. சட்டை போடும்போது வராத கை முதலில் உள்ளே, கழற்றும்போது அது கடைசியில் வெளியே. இதை மாற்றிச் செய்துவிட்டுப் பிள்ளையைத் திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், எழுத்து மெதுவாக வந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்கலாம், சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள், கடைசி நேரத்தில் அலையாதீர்கள்.

மதுரைப் பக்கம் ஓ.டி.:
சார், யாரும் கேட்காமலே ஒரு வகுப்பு எடுத்துவிட்டீர்கள். என்.டி.டி. சிவப்பு என்பதற்காகப் பிள்ளை மேல் கையே வைக்கக்கூடாது என்று ஆகாது. பிடித்து உட்கார வைக்காமல் எந்தக் குறிக்கோளைப் பழக்குவது?

என் கதை வேறு. ஒன்பது வயதுப் பையன், நாலு கைகாலிலும் இறுக்கம், நடை இல்லை. முழங்கை இரண்டும் இறக்கை மாதிரிப் பின்னால் போய்விடும். ஆறு மாதம் அவனைப் பலகைத் துளையில் மரக்குச்சி செருக வைத்தேன், பதிவேட்டில் எண்ணிக்கையும் எழுதினேன். ஒருநாள் சும்மா, "உனக்கு என்னதான்டா செய்யணும்?" என்றேன். யோசிக்கவே இல்லை. "கொசு அடிக்கணும்."

ராத்திரி கொசு கடித்தால் அம்மாவை எழுப்ப வேண்டும், அம்மா விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர், அதனால் எழுப்பாமல் கடி வாங்கிக்கொண்டே கிடப்பானாம். ஆறு மாதம்! ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.

அன்றைக்கே குச்சிப் பலகையை எடுத்து உள்ளே வைத்தேன். நாற்காலியில் இடுப்பு பின்னால் ஒட்டியிருக்க, பாதத்துக்குக் கீழே பலகை போட்டு ஊன்ற வைத்து, வயிற்றுப் பக்கம் வளைவாக வெட்டிய மேஜை போட்டேன். முழங்கை மேஜையில் ஊன்றினால்தான் தோள் முன்னால் வரும், தோள் வந்தால்தான் இரண்டு கையும் நடுவில் சந்திக்கும். முதலில் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் பெரிய பலூன், அப்புறம் சின்ன பலூன், கடைசியில் வெறும் கை. மூன்றரை மாதம். படுத்தபடி அடிக்க இன்னும் வரவில்லை, உட்கார்ந்தால் தட்டுகிறான். முதல் கொசு தப்பித்துவிட்டது, அதற்கு அவன் சிரித்த சிரிப்பு அடுத்த அறைவரை கேட்டது.

ஆச்சி வளர்த்த பையன்:
என் தங்கைக்குத்தான் சிபி. ஆச்சி காலை நீட்டி உட்கார்ந்து, அவளைக் காலில் மல்லாத்திக் கிடத்தி, பாலாடையில் கஞ்சி ஊற்றுவார். ஒவ்வொரு வாய்க்கும் இருமல், மழைக்காலம் தவறாமல் நெஞ்சுச் சளி. அது வியாதியோடு சேர்ந்தது என்றே நினைத்திருந்தோம். வீட்டுக்கு வந்த தெரபிஸ்ட் அவளை நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாயைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி, கஞ்சியைக் கெட்டியாக்கி ஸ்பூனில் கீழிருந்து கொடுக்கச் சொன்னார். முதல் வாய் உள்ளே போனது. ஆச்சி அடுத்த ஸ்பூனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருமலுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. அந்த ஸ்பூன் அந்தரத்தில் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அப்புறம் ஆச்சி ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. எவ்வளவு வருடம் அப்படி ஊற்றியிருக்கிறோம் என்று கணக்குப் போட்டாரோ என்னவோ. (தினமும் நல்லெண்ணெய் தேய்த்தால் இறுக்கம் நிரந்தரமாகப் போய்விடும் என்று எழுத யாராவது வருவீர்கள், தயவுசெய்து வேண்டாம். இருபது வருடம் தேய்த்தாயிற்று.)

ஸ்ரீரங்கத்து அம்மா:
வாத்தியார் சார், சாப்பாட்டு நேரத்தில் கட்டக்கூடாது என்பதை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் ஏன் விடப்போகிறேன்? மதுரைப் பக்கம் ஓ.டி.யிடம் ஒன்று கேட்க வேண்டும். வீட்டில் செய்தோம் என்று நாங்கள் பொய் சொன்னால் உங்களுக்குத் தெரியுமா?

மதுரைப் பக்கம் ஓ.டி.:
தெரியும் அக்கா. வீட்டுப் பயிற்சி அட்டையில் இருபத்தொரு நாளும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் டிக் இருக்கும்.