சீரங்கம் வீடு - குடும்ப குரூப்

சுமதி: எல்லாருக்கும் ஒரு சந்தோஷமான விஷயம். அருணுக்கு யூசி டேவிஸ்ல, அதான் கலிஃபோர்னியா யூனிவர்சிட்டியோட டேவிஸ் கேம்பஸ்ல, கெடச்சிடுச்சு, மெக்கானிக்கல், நேரா மூணாவது வருஷம். இப்பதான் மெயில் வந்துச்சு, டைப் பண்ண கை நடுங்குது

கலா: அக்காஆஆ 😭 எங்க என் தங்கம், ஃபோன் எடுக்க மாட்டேங்கிறான்

திவ்யா: கங்க்ராட்ஸ் அருண்!! அத்தை சூப்பர்

ராஜமணி: ரொம்ப சந்தோஷம்மா. பெருமாள் கண்ணத் தொறந்துட்டார். ரெண்டு வருஷம் முன்னாடி அவன் கம்யூனிட்டி காலேஜ்ல சேர்றான்னு நீ சொன்னப்ப எனக்கு மனசே கேக்கல, நம்ம ஊர் டுடோரியல் மாதிரி போலன்னு உங்க அண்ணிகிட்ட பொலம்பினேன். இப்பவும் ஒண்ணு புரியல, வேற எடத்துல படிச்சவன எப்படி நடுவுல சேத்துக்கறாங்க?

சுமதி: அண்ணா இப்ப நம்ம ஊர்ல டிப்ளமோ முடிச்ச பசங்க லேட்டரல் என்ட்ரில நேரா பிஇ செகண்ட் இயர் போறாங்கல்ல, கிட்டத்தட்ட அதுதான். முதல் ரெண்டு வருஷ பாடத்த பக்கத்துல இருக்கற கம்யூனிட்டி காலேஜ்லயே முடிச்சுடலாம், இங்க எடுக்கற கிளாஸ் எந்த யூனிவர்சிட்டில எதுக்கு ஈடுன்னு அசிஸ்ட்னு ஒரு வெப்சைட்ல போட்ருக்கும். டேக்னு ஒரு ஏற்பாடும் இருக்கு, சொன்ன கிளாஸும் சொன்ன மார்க்கும் இருந்தா யூசில ஆறு கேம்பஸ் சீட்டுக்கு கேரண்டி தர்றாங்க, அதுல ஒண்ணுக்குதான் போட முடியும், இவன் டேவிஸ் போட்டான். பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியகோ அந்த ஆறுல கிடையாது

அருண்: மாமா தேங்க்ஸ்! அம்மா சொல்றது கரெக்ட் ஆனா ஈஸி இல்ல. ஃபர்ஸ்ட் செமஸ்டர்ல நானே பாக்காம ஒரு பிசிக்ஸ் கிளாஸ் எடுத்துட்டேன், இன்ஜினியரிங்குக்கு கால்குலஸ் பிசிக்ஸ்தான் வேணுமாம், அது கணக்குல வரல. லீவுல சம்மர் கிளாஸ் போய்தான் சரி பண்ணேன். முதல்லயே கவுன்சிலர பாத்திருக்கணும்

ராஜமணி: பரவால்லப்பா, சமாளிச்சல்ல. செலவு எவ்ளோ ஆச்சு சுமதி?

சுமதி: கிளாஸ யூனிட் கணக்குல எண்ணுவாங்க, யூனிட்டுக்கு 46 டாலர்ணா. வருஷத்துக்கு 30 யூனிட், 1380 டாலர். அதுவே யூசில டியூஷனும் ஃபீஸும் மட்டும் வருஷத்துக்கு 14,000க்கு மேல. புக்கு பெட்ரோல் தனி. ரெண்டு வருஷம் வீட்டு சாப்பாடு வேற 🙏

திவ்யா: அத்தை நீங்களும் அதே காலேஜ்தானே?

சுமதி: ஆமாடா, ஃப்ரீமான்ட்ல ஓலோனி காலேஜ், மலைச் சரிவுல இருக்கும், பார்க்கிங்ல இருந்து கிளாஸுக்கு படி ஏறி ஏறி மூச்சு வாங்கும். 2008ல வந்தப்ப ஹெச்4னு டிபெண்டண்ட் விசா, வேலைக்கே போகக் கூடாது, 2015ல ஹெச்4ல சில பேருக்கு வேலை பர்மிட் தர ஆரம்பிச்சாங்க, அந்த கார்டு கைக்கு வந்தும் என் பிகாம வச்சு இங்க என்ன பண்றதுன்னு தெரியல, பக்கத்து வீட்டு ஆப்கானி அம்மா, பேரன் பேத்தி எடுத்தவங்க, அவங்க இங்கிலீஷ் கிளாஸுக்கு போறப்ப என்னையும் கூட்டிட்டு போனாங்க. அப்படியே சைல்ட் டெவலப்மெண்ட்னு குழந்தைங்க வளர்ச்சி பத்தின படிப்புல சேர்ந்தேன், சாயங்கால கிளாஸ், ஒரு பக்கம் யூனிஃபார்மோட நேரா டெலிவரி வேலைல இருந்து வந்த பையன், இன்னொரு பக்கம் 19 வயசு பொண்ணு. ஒரு குழந்தைய இருபது நிமிஷம் பாத்து எழுதணும், ஒரு பையன் மணல்ல குழி தோண்டி தண்ணி ஊத்தறான், காணாம போகுது, மறுபடி ஊத்தறான், நான் "ஜாலியா விளையாடினான்"னு எழுதினேன், டீச்சர் அத அடிச்சுட்டு நீங்க நெனச்சத எழுதாதீங்க பாத்தத எழுதுங்கன்னாங்க. திரும்ப எழுதினேன், ஏழு தடவ ஊத்தினான், அஞ்சாவது தடவ கைய வச்சு அடைச்சுப் பாத்தான்னு. அன்னிக்குதான் எனக்கு இந்த வேலை பிடிச்சுப் போச்சு. 12 யூனிட்டும் 50 நாள் வேலை அனுபவமும் இருந்தா சின்னக் குழந்தைங்களுக்கு சொல்லித்தர அசோசியேட் டீச்சர் பர்மிட் தர்றாங்க, அது வந்த அன்னிக்கு எட்டு வருஷம் கழிச்சு என் பேர்ல ஒரு சம்பள செக் வரப்போகுதுன்னு உங்க மாமா முன்னாடி உக்காந்து அழுதேன்

ராஜமணி: இதெல்லாம் நீ சொல்லவே இல்லையேம்மா

சுமதி: ஃபோன்ல எப்படிணா சொல்றது

கலா: அக்கா எனக்கு 44 ஆகுது. இப்ப போய் சேந்தா எல்லாரும் என்ன நினைப்பாங்க

சுமதி: யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க கலா, எங்க கிளாஸ்ல பாதி பேர் நம்ம வயசு. உங்க நியூ ஜெர்சி எடிசன்லயே மிடில்செக்ஸ் காலேஜ் இருக்கு, அதுவும் கம்யூனிட்டி காலேஜ்தான். ஃபீஸ் அங்க வேற, இங்க மாதிரி இருக்காது, அதக் கேட்டுக்கோ. முதல்ல கவுன்சிலர பாரு, ஒரே ஒரு கிளாஸ் எடு, பெரிய பிளான் போடாத

கலா: எம்எஸ்சி மேத்ஸ் மார்க்‌ஷீட் கேப்பாங்களா?

சுமதி: கேப்பாங்க, எடுத்து வை. பழைய பாடம் ஏதாவது கணக்குல சேருமான்னு பாக்கலாம்

கலா: அது சீரங்கத்துல பரண் மேல இருக்கு. அண்ணா உங்களால பாக்க முடியுமா, அவசரம் இல்ல

ராஜமணி: ஏணி போட்டாச்சு, திவ்யா கீழ புடிச்சுட்டு நிக்கறா. பச்சை டிரங்குப் பெட்டியா, ஊதாவா?

கலா: பச்சை. அம்மா பட்டுப்புடவைக்கு அடில