இண்டக்‌ஷன் ஜெனரேட்டர் சேர்த்தால் ஆல்டர்னேட்டருக்குப் பாரம் குறையுமா?

ஓடைக்கரை: எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கரண்ட் லைன் கிடையாது, 62.5 கேவிஏ டீசல் செட் (இன்ஜினும் அது சுற்றும் ஆல்டர்னேட்டரும்) ஒன்றுதான். பகல் லோடு 40 கிலோவாட், பவர் ஃபேக்டர் (கேவிஏவில் கிலோவாட்டின் பங்கு) 0.8. ஓடைத் தண்ணீரை வைத்து 22 கிலோவாட் இண்டக்‌ஷன் மோட்டாரை 1530 ஆர்பிஎம்மில் சுற்றினால் 20 கிலோவாட் கிடைக்கும். செட்டுக்குப் பாதிப் பாரம் குறையும் இல்லையா?

மோட்டார்முத்து: குறையும். காந்தப்புலம் சுற்றும் வேகமான 1500-ஐத் தாண்டினால் ஸ்லிப் (அந்த வேகத்துக்கு மோட்டார் பின்தங்கும் அளவு) நெகடிவ், மோட்டாரே ஜெனரேட்டர். இன்ஜின் வேகத்தைக் காக்கும் கவர்னர் டீசலைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

காயில்கட்டி: நிறைய இருக்கிறது முத்து. அந்த மெஷினுக்குக் காந்தப்புலம் தரும் சொந்த ஃபீல்டு கிடையாது. கிலோவாட்டைக் கொடுத்துக்கொண்டே ரியாக்டிவ் பவரை (காந்தப்புலத்துக்காகப் போய்வரும், வேலை செய்யாத பவர்; அளவு கிலோவார்) வாங்கும், சுமார் 15 கிலோவார். அதையும் ஆல்டர்னேட்டர்தான் கொடுக்க வேண்டும். இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் கேவிஏ. முன்பு 40 கிலோவாட், 30 கிலோவார்: 50 கேவிஏ. இப்போது 20 கிலோவாட், 45 கிலோவார்: 49 கேவிஏ. ஆம்பியர் அப்படியேதான் நிற்கும், எக்சைட்டேஷன் (ஆல்டர்னேட்டர் ஃபீல்டுக்குப் போகும் கரண்ட்) கூடும்.

மோட்டார்முத்து: ஆம்பியருக்கா டீசல் ஊற்றுகிறோம்? இன்ஜின் பார்ப்பது கிலோவாட்டைத்தான்.

காயில்கட்டி: சரி, டீசல் மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் கேட்ட கேள்வி 'செட்டுக்குப் பாரம்'. வைண்டிங் சூட்டில் பாதி குறையாது.

மோட்டார்முத்து: அந்த ரியாக்டிவ் பவரைக் கொடுக்க 15 கிலோவார் கெப்பாசிட்டர் போட்டால் 36 கேவிஏ. முப்பந்தலில் பழைய காற்றாலைகளுக்கு கெப்பாசிட்டர் வைத்தது இதற்குத்தானே?

காயில்கட்டி: அங்கே பின்னால் பெரிய கிரிட் இருக்கிறது. இங்கே செட் டிரிப் ஆனால், கெப்பாசிட்டரோடு மோட்டார் தானே எக்சைட் ஆகிக் கரண்ட் கொடுக்கலாம். தண்ணீர் விடாமல் தள்ளும்; வேகமும் வோல்டேஜும் ஏறி பல்பெல்லாம் போகும். செட் பிரேக்கர் திறந்ததும் மோட்டாரின் கான்டாக்டரும் (தானியங்கி சுவிட்ச்) கெப்பாசிட்டரும் சேர்ந்து விலக வேண்டும், தண்ணீர் வால்வும் மூட வேண்டும். அப்புறம், ராத்திரி லோடு எவ்வளவு தம்பி?

ஓடைக்கரை: 12 கிலோவாட்தான் அண்ணே.

காயில்கட்டி: மிச்சம் 8 கிலோவாட் செட்டுக்குள் போகும். ஆல்டர்னேட்டர் சிங்க்ரனஸ் மோட்டாராகி இன்ஜினைச் சுற்றும். ரிவர்ஸ் பவர் ரிலே (பவர் திரும்பி வந்தால் செட்டைப் பிரிக்கும் கருவி) இருந்தால் டிரிப் ஆகும். இல்லாவிட்டால் இன்ஜின் உராய்வு அவ்வளவையும் தின்னுமா என்பதைப் பொறுத்தது. தின்னாவிட்டால் ஃபிரீக்வென்சி ஏறும்.

மோட்டார்முத்து: அதற்கு மிச்சப் பவரைத் தின்ன ஹீட்டர் மாதிரி டம்ப் லோடு போடலாமே.

ஓடைக்கரை: ஹீட்டர் என்றால் எங்களுக்கு வீணில்லை. மழை மாதத்தில் இலை வாட்ட விறகு எரித்துத்தான் காற்றைச் சுட வைக்கிறோம்.

காயில்கட்டி: அப்படியென்றால் 15 கிலோவாட் ஹீட்டர், படிப்படியாக ஆன் ஆகிற மாதிரி. செட் எப்போதும் கொஞ்சமாவது கொடுக்கிற பக்கமே இருக்கட்டும். ரொம்பக் குறைந்தால் இன்ஜினில் கரி பிடிக்கும்.

மோட்டார்முத்து: கெப்பாசிட்டரையும் எழுதிக்கொள் தம்பி. அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.