உள்ளரங்க ஃபுட்பாலில் ஒரு குவார்ட்டர்பேக்கின் வாழ்க்கை: கர்ட் வார்னர் மட்டும்தானா?

இளம்பரிதி கேட்கிறார்:

அமெரிக்க ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக்காக (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவராக) ஆடிய கர்ட் வார்னரைப் பற்றி அண்மையில்தான் விரிவாகப் படித்தேன். 1994இல், அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.எஃப்.எல்.லில் ஆடும் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் பயிற்சி முகாமிலிருந்து அவரை அனுப்பிவிட்டார்கள். ஐயோவாவில் ஒரு பலசரக்குக் கடையில் இரவு வேலை, மணிக்கு ஐந்தரை டாலர் கூலி. 1999இல் என்.எஃப்.எல்.லின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது, 2000 ஜனவரியில் அந்த லீக்கின் சூப்பர் பவுல் கோப்பை. எழுதுகிறவர்கள் எல்லோரும் கடையிலிருந்து நேரே கோப்பைக்குத் தாவிவிடுகிறார்கள். 1995 முதல் 1997 வரை அவர் ஐயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ற உள்ளரங்க அணிக்கு ஆடியது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த ஆட்டத்தில் ஒரு குவார்ட்டர்பேக்குக்கு என்னதான் வேலை? அது ஒரு தொழிலா, பெரிய லீக் கூப்பிடும்வரை காத்திருக்கும் இடமா? நேரில் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

சோளக்காட்டான் எழுதுகிறார்:

நான் பார்ன்ஸ்டார்மர்ஸின் ஊரான டெமொயின் நகரவாசி. வார்னர் ஆடிய நாள்களில் நான் இங்கு இல்லை. ஆனால் அந்த அணியின் ஆட்டங்களுக்கு நெடுங்காலமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். "காத்திருக்கும் இடம்" என்று யார் சொன்னாலும் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

முதலில் களத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐஸ் ஹாக்கி அரங்கத்தின் தரையில் செயற்கைப் புல்லை விரித்து ஆடுகிறார்கள். நீளம் 50 கெஜம், என்.எஃப்.எல். களத்தில் பாதி. அகலம் 85 அடி. அங்கே 160 அடி. அணிக்கு எட்டுப் பேர். கணக்குப் போட்டால், ஓர் ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் இடம் பெரிய களத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். எல்லைக்கோடு இருக்க வேண்டிய இடத்தில் மெத்தை கட்டிய சுவர். வார்னர் ஆடிய அரினா ஃபுட்பால் லீக்கில் கோல் கம்பங்களின் இருபுறமும் 32 அடி உயரத்துக்கு வலை கட்டியிருப்பார்கள். வலையில் பட்டுத் திரும்பும் பந்து, தரையைத் தொடும்வரை உயிருள்ள பந்து. யார் பிடித்தாலும் செல்லும்.

ஜிம் ஃபாஸ்டர் என்பவர் 1981இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்க சாக்கர் பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் உறையின் மேல் வரைந்த படத்திலிருந்து பிறந்த ஆட்டம் இது. 1987இல் நான்கு அணிகளோடு லீக் தொடங்கியது. பின்னாளில் டெமொயினுக்கு பார்ன்ஸ்டார்மர்ஸ் அணியைக் கொண்டுவந்தவரும் அதே ஃபாஸ்டர்தான்.

இனி குவார்ட்டர்பேக். இந்த ஆட்டத்தில் பந்தை உதைத்து எதிரணியின் பக்கம் தள்ளிவிட்டுத் தப்பிக்க வழியில்லை. பன்ட் செய்ய விதி இடம் தருவதில்லை. எனவே பந்து கைக்கு வரும்போதெல்லாம் புள்ளி எடுத்தாக வேண்டும். எதிரணியும் எடுக்கும். 50 புள்ளி எடுத்தும் தோற்றுப்போகும் அணிகள் உண்டு. பந்தோடு ஓட இடமில்லாததால் ஏறக்குறைய எல்லா ஆட்டத்தையும் குவார்ட்டர்பேக்கின் கைதான் நடத்துகிறது.

சுவரை ஒட்டிய முதல் வரிசையில் உட்கார்ந்தால் அவருடைய கால்கள் நன்றாகத் தெரியும். பந்து அவர் கைக்கு வருவதற்கு முன்பே ஒரு ரிசீவர் (வீசும் பந்தைப் பிடிப்பவர்) பின்னாலிருந்து முழு வேகத்தில் ஓடிவருகிறார். இங்கே அதற்கு அனுமதி உண்டு. பந்து வைத்திருக்கும் கோட்டின் அருகே அவர் வரும் நொடியில் பந்து கைமாறுகிறது. குவார்ட்டர்பேக் மூன்று எட்டு பின்வாங்குகிறார், மூன்றாவது கால் ஊன்றும்போதே வீசிவிடுகிறார். ரிசீவர் இன்னும் திரும்பியே பார்த்திருக்கமாட்டார். அவர் திரும்பும் இடத்தில் பந்து இருக்கும். இரண்டு, இரண்டரை விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். அதைத் தாண்டி யோசித்தால் எதிரணியின் முரட்டு ஆள் ஒருவர் விலா எலும்பில் வந்து விழுவார்.

வார்னர் மூன்று ஆண்டுகள் இதைத்தான் செய்தார். 183 டச் டவுன் பாஸ்கள், அதாவது எதிரணியின் கோல் பகுதியில் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுத்த வீச்சுகள். 1999இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியில் முதன்மைக் குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீனுக்கு முழங்காலில் அடிபட்டு வார்னர் உள்ளே வந்தபோது நாடே வியந்தது. ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்தை வீசிவிடும் அந்தக் கை டெமொயினில் பழகிய கை. அவரே பல முறை இதைச் சொல்லியிருக்கிறார். இன்னொன்றையும் கவனியுங்கள்: அரினா லீக்கில் அவர் கோப்பையே வென்றதில்லை. 1996 இறுதி ஆட்டத்தில் சொந்த ஊரிலேயே டாம்பா பே ஸ்டார்மிடம் 42-38 என்று தோற்றார். 1997இல் அரிசோனா ராட்லர்ஸிடம் 55-33. பிற்காலத்தில் சூப்பர் பவுலை வென்றவரைத் தோற்கடித்த அணிகள் இருந்த லீக் அது.

தாமரைநெஞ்சன் எழுதுகிறார்:

நண்பர் ஆட்டத்தை அழகாகச் சொன்னார், மறுக்கவில்லை. ஆனால் எண்களை நம்பி ஏமாறக் கூடாது. ஆரன் கார்சியா என்ற அரினா குவார்ட்டர்பேக் 1,300க்கும் மேற்பட்ட டச் டவுன் பாஸ்கள் வீசியிருக்கிறார். டாம் பிரேடி என்.எஃப்.எல்.லில் 23 பருவங்கள் ஆடி, வழக்கமான ஆட்டங்களில் வீசியது 649. பிரேடியைவிட கார்சியா இரண்டு மடங்கு பெரியவர் என்று யாராவது சொல்வார்களா? பாதிக் களத்தில் வீசினால் புள்ளி குவியத்தான் செய்யும். அரினாவிலிருந்து போய் என்.எஃப்.எல்.லில் நிலைத்த குவார்ட்டர்பேக்குகளைச் சொல்லுங்கள் பார்ப்போம். வார்னர், கொஞ்சம் டாமி மேடக்ஸ். மேடக்ஸும் முதலில் என்.எஃப்.எல்.லிலிருந்து அரினாவுக்கு வந்தவர்தான்.

சோளக்காட்டான் எழுதுகிறார்:

எண்ணிக்கையைப் பிரேடியோடு ஒப்பிட வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கார்சியாவை அவருடைய ஆட்டத்திலேயே வைத்துப் பாருங்கள். அதே களத்தில், அதே விதிகளில், அதே இரண்டரை விநாடியில் நூற்றுக்கணக்கானோர் வீசியிருக்கிறார்கள். 1,000 டச் டவுனை முதலில் தொட்டவர் அவர். வார்னர் போன பிறகு டெமொயினில் அந்த இடத்தை நிரப்பியவரும் அவரே. 2000 பருவம் முடிந்து அந்த அணி (நான் பார்த்துவருவது அதே பெயரில் இங்கே பின்னர் எழுந்த அணி) நியூயார்க்குக்குப் பெயர்ந்து டிராகன்ஸ் ஆனது. அவரும் கூடவே போனார். ஊர் மாறினாலும் லீக்கே படுத்து எழுந்தாலும் ஆடிக்கொண்டே இருந்தார். என்.எஃப்.எல். கதவைத் திறக்காததால் அவர் வாழ்க்கை குறைப்பட்டது என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கதவு திறந்ததா இல்லையா என்பதையே அளவுகோலாக வைத்தால், வார்னர் ஒருவரைத் தவிர இந்த ஆட்டத்தில் யாருமே மிஞ்சமாட்டார்கள்.

டாம்பாவுக்கு ஆடிய ஜே க்ரூடனையும் மறக்க வேண்டாம். குவார்ட்டர்பேக்காக ஆடி, ஆர்லாண்டோ பிரிடேட்டர்ஸின் பயிற்சியாளராக இரண்டு அரினா பவுல் (அரினா லீக்கின் கோப்பை) வென்று, 2014இல் வாஷிங்டன் என்.எஃப்.எல். அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். கை ஓய்ந்த பிறகும் கண் பிழைப்புக் கொடுத்தது.

கணக்குப்பிள்ளை எழுதுகிறார்:

"தொழிலா" என்று கேட்டதால் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். 2000களின் நடுவில் அது உண்மையான தொழிலாகத்தான் இருந்தது. என்.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பியது. பாடகர் ஜான் பான் ஜோவி, முன்னாள் என்.எஃப்.எல். குவார்ட்டர்பேக் ஜான் எல்வே போன்றோர் அணிகளில் பங்கு வைத்திருந்தார்கள். நல்ல குவார்ட்டர்பேக் ஆட்டத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தலாம். 2008 இறுதியில் லீக், அடுத்த பருவத்தையே ரத்து செய்தது, பிறகு திவாலானது. 2010இல் மறுபடி தொடங்கியபோது அடிப்படைச் சம்பளம் ஓர் ஆட்டத்துக்கு 400 டாலர். முந்தைய பருவத்தில் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பணத்துக்குத் திரும்பி வந்தார்கள். பகலில் வேறு வேலை, மாலையில் பயிற்சி என்பதுதான் பலருக்கு நடைமுறை. 2019க்குப் பிறகு அந்த லீக்கும் மூடப்பட்டது. 2024இல் அதே பெயரில் எழுப்பப் பார்த்தார்கள், பருவம் முடிவதற்குள் அணிகள் உதிர்ந்துவிட்டன.

இளம்பரிதி எழுதுகிறார்:

அனைவருக்கும் நன்றி. இத்தனை இருக்கும் என்று நினைக்கவில்லை. ஒரே ஓர் ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் எதைப் பார்ப்பது?

சோளக்காட்டான் எழுதுகிறார்:

2011 ஆகஸ்டில் நடந்த அரினா பவுல் இறுதி ஆட்டம். ஃபீனிக்ஸ் நகரில், அரிசோனா ராட்லர்ஸின் சொந்த அரங்கத்தில் ஜாக்சன்வில் ஷார்க்ஸ் ஆடியது. ராட்லர்ஸ் பக்கம் நிக் டவிலா; அடுத்த மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து கோப்பையை அள்ளப்போகிறவர். ஷார்க்ஸ் பக்கம் நாற்பது வயது ஆரன் கார்சியா. கணக்குப்பிள்ளை சொன்ன அந்தச் சம்பளக் காலத்துக்குத் திரும்பி வந்த கார்சியாதான்.

ராட்லர்ஸ் 70, ஷார்க்ஸ் 67. ஒரே ஒரு வீச்சுக்கு மட்டும் நேரம் மிச்சம். கார்சியா வீசினார், ஜெரான் ஹார்வி பிடித்தார், 73-70. கடைசி வீச்சை மட்டும் தேடிப் பார்க்காதீர்கள். முதல் கால்பகுதியிலிருந்து கார்சியாவின் கால்களைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். தாமரைநெஞ்சன், நீங்களும் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், அந்தப் பந்தைப் பெரிய களத்தில் எத்தனை பேர் வீசியிருப்பார்கள் என்று பேசலாம்.