குடம்புளிச் சாறு குடலில் கொலஸ்ட்ராலைத் தடுக்குமா?

தக்கலை வாசகர்:
என் தந்தைக்கு எல்டிஎல் எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரால் 148 என்று வந்ததால், மருத்துவர் அதைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மருந்தான அட்டோர்வாஸ்டாடின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். உறவினர் ஒருவரோ, குடம்புளிச் சாறு அடைத்த கேப்சூல் சாப்பிட்டால் கொலஸ்ட்ரால் குடலிலேயே தடுக்கப்பட்டுவிடும் என்கிறார். மீன் குழம்பில் போடும் அதே குடம்புளிதானே என்று அப்பாவும் ஆர்வம் காட்டுகிறார். தாவரச் சாறுகளுக்கு உண்மையிலேயே அத்தகைய ஆற்றல் உண்டா?

நாகர்கோவில், மருந்தியல் ஆசிரியர்:
சிலவற்றுக்கு உண்டு, குடம்புளி அந்த வரிசையில் வராது. அதிலுள்ள ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம், செல்களுக்குள் கொழுப்பு உருவாகத் துணைபுரியும் ஒரு நொதியைத் தடுப்பதாகவே அறியப்பட்டுள்ளது; அது வேறு பாதை.

கொலஸ்ட்ரால் நீரில் கரையாது என்பதால், பித்தத்திலுள்ள பித்த உப்புகள் உருவாக்கும் மிசெல் என்னும் நுண்துகள்களில் ஏறித்தான் சிறுகுடல் சுவரை அடைய முடியும். அங்கே என்பிசி1எல்1 என்னும் புரதம் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கொட்டைகளிலும் வித்துகளிலும் உள்ள தாவர ஸ்டீரால்கள் அமைப்பில் கொலஸ்ட்ராலை ஒத்திருப்பதால், மிசெலில் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அவற்றில் உள்ளே நுழைபவற்றையும் குடல் செல்கள் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவதால், இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. நாளொன்றுக்கு சுமார் 2 கிராம் உட்கொண்டால் எல்டிஎல் ஏறத்தாழ 8 முதல் 10 விழுக்காடு குறையும். ஆனால் வழக்கமான சாப்பாட்டில் அரை கிராம்கூடக் கிடைப்பதில்லை. குடலுக்கு வரும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உணவிலிருந்து அல்ல, பித்தத்திலிருந்தே வருகிறது. ஆகவே சைவ உணவுக்காரர்களிடமும் இத்தடுப்பு பலன் தரும்.

மார்த்தாண்டம் வாசகி:
எங்கள் வீட்டில் வெந்தயத்தை இரவில் ஊறவைத்து, காலையில் அந்த நீரை மட்டும் குடிக்கிறோம். அதுவும் இவ்வகையில் சேருமா?

நாகர்கோவில், மருந்தியல் ஆசிரியர்:
சேரும், ஆனால் ஊறிய விதையையும் மென்று தின்ன வேண்டும். வழுவழுப்பைத் தரும் கேலக்டோமன்னன் நார் பெரும்பாலும் விதையிலேயே தங்கிவிடும். அது பித்த உப்புகளைச் சிக்கவைத்து மலத்தோடு வெளியேற்றுவதால், புதிய பித்த உப்பு தயாரிக்கக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துச் செலவிட நேர்கிறது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்; வெந்தயமும் சர்க்கரையைக் குறைக்கும்.

குலசேகரம் வாசகர்:
தக்கலை நண்பருக்கு: குழம்பில் கிடந்து, சாப்பிடும்போது ஓரமாக ஒதுக்கப்படும் இரண்டு துண்டுப் புளியும், செறிவூட்டிய சாறும் ஒன்றல்ல. அத்தகைய கேப்சூல்களை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. ஸ்டாடினும் அரிதாகக் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால், இரண்டையும் சேர்க்க நான் துணியமாட்டேன். உண்மையில் குடலில் தடுக்கத்தான் வேண்டுமென்றால், ஆசிரியர் மேலே சொன்ன என்பிசி1எல்1 புரதத்தையே குறிவைக்கும் எசெடிமைப் என்ற மாத்திரை இருக்கிறது. அது தேவைதானா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.