லோராவான்: மேஜையில் பேசிய நோடு தோப்புக்குள் ஏன் ஊமையாகிறது?

லோராவான் என்றால், சென்சார் மாட்டிய சின்னப் பெட்டிகள் (நோடு) குறைந்த மின்சாரத்தில் தொலைவில் உள்ள கேட்வே என்ற பெட்டிக்கு ரேடியோவில் தகவல் அனுப்பும் முறை; கேட்வே அதை சர்வருக்குத் தள்ளும். இந்தியாவில் அது ஓடுவது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸில். 1 வாட் டிரான்ஸ்மிட்டர், 4 வாட் ஈஆர்பி (ஆன்டெனாவையும் சேர்த்து வெளியே போகும் சக்தி), 200 கிலோஹெர்ட்ஸ் அகலம் என்ற வரம்புக்குள் நின்றால் தனி உரிமம் வேண்டாம். 125 கிலோஹெர்ட்ஸ் லோரா (லோராவானின் ரேடியோ சிக்னல்) அதற்குள் வசதியாக அடங்கும். கிணறு, தொட்டி, தோப்பு என்று மாட்டிய இடத்தில் கண்ட கோளாறுகளை ஆளுக்கு ஒரு பகுதியாக இங்கே சேர்ப்போம். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் "15 கி.மீ." எல்லாம் வேண்டாம். அறிகுறி என்ன, அளந்தது என்ன, காரணம் என்ன, அவ்வளவு போதும்.

ஆன்டெனாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்ற இரண்டு வகைக் கனெக்டரும் ஒன்றோடொன்று அழகாகத் திருகிக்கொள்ளும். மரை முழுசா ஏறும், இறுகும், வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. உள்ளே பார்த்தால் இரண்டு பக்கமும் துளை. நடு ஊசியே கிடையாது. வைஃபை ரவுட்டர் ஆன்டெனாவைக் கழற்றி மாட்டினால் நடப்பது இதுதான். கேட்வே பக்கத்திலேயே இருக்கிறவரை கசிகிற சிக்னலிலேயே பாக்கெட் போய்விடும், அதனால் மேஜையில் பிடிபடாது. 3 மீட்டர் தூரத்தில் ஆர்எஸ்எஸ்ஐ (கேட்வேக்கு எட்டும் சிக்னலின் பலம்) மைனஸ் 30 முதல் 50 டிபிஎம் வர வேண்டும். மைனஸ் 95 காட்டினால் உடனே கழற்றி நடுவில் ஊசி இருக்கிறதா என்று பாருங்கள்.

சொந்தமாகக் கம்பி வெட்டுகிறவர்களுக்கு: 866 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை 8.65 செ.மீ. கம்பியில் சுமார் 8.2 செ.மீ. கீழே தரைத்தளமாக 4 கம்பி இல்லாவிட்டால் அது வெறும் கம்பிதான். ஆன்டெனா மாட்டாமல் முழுச் சக்தியில் அனுப்பிப் பார்க்காதீர்கள், மாட்யூலின் கடைசி ஆம்ப்ளிஃபயர் போய்விடலாம்.

*

மேலே அண்ணன் ஆன்டெனா பற்றிச் சொன்னதோடு கேபிளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "ஆன்டெனாவை உயரத்தில் வை" என்றதும் கேட்வேயைக் கீழே அறையில் வைத்து, மாடிக்கு 15 மீட்டர் ஆர்ஜி58 இழுப்பார்கள். அந்தக் கேபிள் இந்த அலைவரிசையில் மீட்டருக்கு ஏறக்குறைய அரை டெசிபெல் தின்னும். 15 மீட்டருக்கு 7 டெசிபெல் போச்சு. காசு கொடுத்து வாங்கிய 5 டிபிஐ ஆன்டெனா அதிலேயே கரைந்துவிடும். எல்எம்ஆர்400 போட்டால் அதே நீளத்துக்கு 2 டெசிபெல்தான், ஆனால் விலையும் தடிமனும் தொல்லை. என் கணக்கு: கேட்வேயையே மழை புகாத பெட்டியில் மேலே ஏற்றுங்கள். ஈதர்நெட் கேபிளில் பிஓஇ வழியாக மின்சாரமும் டேட்டாவும் போகட்டும். ஆன்டெனாவுக்கு அரை மீட்டர் கேபிள் போதும். மின்னல் தடுப்பானைப் போட்டு, அதன் எர்த்தை உண்மையான எர்த் குழிக்கு இறக்குங்கள். தண்ணிக் குழாயில் கட்டுவது எர்த் இல்லை.

கனெக்டருக்கு இன்சுலேஷன் டேப் சுற்றாதீர்கள். ஒரு கோடையில் பசை உருகி, அடுத்த மழையில் தண்ணி உள்ளே நிற்கும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் என்று தனியாக விற்கிறது. அதை இழுத்துக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும், அப்போதுதான் மடிப்பு ஓட்டுக்கூரை மாதிரி கீழ்நோக்கி இருக்கும். சிக்னல் மழைநாளில் இறங்கி, வெயிலில் இரண்டு நாள் காய்ந்ததும் ஏறினால் கேபிளுக்குள் தண்ணி என்று அர்த்தம்.

இன்னொன்று, செல்போன் டவர். 850 பட்டையில் டவர் அனுப்புவது 869 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. நம்ம கேட்வே கேட்பது 865, 866. உயரம் கிடைக்கிறதே என்று டவர் ஓரமாக வைத்தால் கேட்வேக்குக் காது அடைத்துவிடும். பக்கத்து நோடு வரும், 2 கி.மீ. தள்ளி இருப்பது வராது. டவர் சிக்னலை வடிகட்டும் கேவிட்டி ஃபில்டர் போட வேண்டும், இல்லையென்றால் இடத்தை மாற்ற வேண்டும்.

*

தென்னந்தோப்பு பற்றி. கேட்வேக்கும் நோடுக்கும் நடுவே கண்ணுக்கு நேர்கோடு தெரிந்தால் போதும் என்று நினைப்பது தப்பு. 5 கி.மீ. இணைப்பில் நடுப்பகுதியில் முதல் ஃப்ரெனல் வளையத்தின் (நேர்கோட்டைச் சுற்றி அலை போக வேண்டிய வெளி) ஆரம் 21 மீட்டர் வரும். அதில் 60 சதவீதம், அதாவது 12 மீட்டராவது நேர்கோட்டுக்குக் கீழே காலியாக இருக்க வேண்டும். 15 மீட்டர் மரங்கள் நடுவில் நின்றால் நேர்கோடு 27 மீட்டரில் போக வேண்டும் என்று ஆகிறது. எந்தத் தோட்டத்தில் அவ்வளவு உயரக் கம்பம் இருக்கிறது? அதனால்தான் பலூனில் ஏற்றிய லோரா 25 மில்லிவாட்டில் 832 கி.மீ. போனதும் உண்மை, அதே 25 மில்லிவாட் தோப்புக்குள் ஒரு கி.மீ. தாண்டத் திணறுவதும் உண்மை.

சக்தியைக் கூட்டுவதைவிட நோடை உயர்த்துவது மலிவு. தரையோடு வைத்த மண் ஈரப்பத சென்சாரின் ஆன்டெனாவை மட்டும் 2 மீட்டர் பிவிசி குழாய் மேல் ஏற்றிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். மட்டைகள் நனைந்திருக்கும்போது அளந்து அந்த எண்ணை வைத்தே முடிவு செய்யுங்கள். கோடையில் அளந்தது ஐப்பசியில் நிற்காது.

*

சிக்னலே காரணமில்லாத கேஸ்கள் நிறைய. ஜாயின் ஆகாத, அதாவது நெட்வொர்க்கில் சேர முடியாத நோடுக்கு நான் பார்க்கும் வரிசை இது.

கேட்வே லாகில் ஜாயின் ரிக்வெஸ்டே தெரியவில்லையா? நோடு ஐரோப்பியப் பட்டையில் 868.1-ல் கத்திக்கொண்டிருக்கும். ஆன்லைனில் வாங்கியது பெரும்பாலும் அப்படித்தான் வரும். நம்ம அடிப்படைச் சேனல்கள் 865.0625, 865.4025, 865.985. ரிக்வெஸ்ட் தெரிகிறது, சர்வர் நிராகரிக்கிறது என்றால் சாவியின் பைட் வரிசை. எல்எம்ஐசி என்ற நோடு மென்பொருள் நூலகத்தில் டெவ்-இயுஐ, ஆப்-இயுஐ என்ற அடையாள எண்கள் இரண்டையும் தலைகீழாகப் போட வேண்டும், ஆப்-கீ என்ற ரகசியச் சாவியை மட்டும் நேராக. மூன்றையும் ஒரே மாதிரி ஒட்டிவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள்.

சர்வரின் பதிலான ஜாயின் அக்செப்ட் போகிறது, நோடுக்குக் கேட்கவில்லையா? ஜாயின் அக்செப்ட் 5-வது வினாடியில் முதல் ஜன்னலில் (நோடு காது திறக்கும் சிறு நேரம்), அல்லது 6-வது வினாடியில் இரண்டாவது ஜன்னலில் வரும். நோடின் கடிகாரம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் ஜன்னல் தவறும். எல்எம்ஐசியில் கடிகாரப் பிழையை 1 சதவீதம் என்று அமைத்துப் பாருங்கள். இரண்டாவது ஜன்னல் இங்கே 866.550, எஸ்எஃப் 10 (எஸ்எஃப் எண் கூடக் கூட அதிக தூரம் எட்டும், ஆனால் அனுப்ப அதிக நேரம் பிடிக்கும்). ஒரே ஒரு பாக்கெட் அனுப்பிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறதா? ஆர்எஃப்எம்95 ரேடியோ மாட்யூலில் டிஐஓ1 பின்னை இணைக்காமல் விட்டிருப்பீர்கள். டிஐஓ0 மட்டும் போதும் என்று பல வரைபடங்களில் தப்பாகப் போட்டிருக்கிறது. எஸ்எக்ஸ்1262 ரேடியோ சிப் என்றால் டிசிஎக்ஸ்ஓ (அதன் கடிகாரப் படிகம்) வோல்டேஜ் அமைப்பைப் பாருங்கள்; அது தப்பாக இருந்தால் ரேடியோ விழிக்கவே விழிக்காது.

பேட்டரி மாற்றியதும் மறுபடி ஜாயின் ஆகவில்லையா? லோராவான் 1.0.4 பதிப்பில் டெவ்-நான்ஸ் (ஒவ்வொரு ஜாயினிலும் நோடு அனுப்பும் எண்) ஏறிக்கொண்டே போக வேண்டும். நோடு அதை ஃபிளாஷில் எழுதாமல் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் சர்வர் பழைய எண் என்று தள்ளிவிடும். சர்வரில் அழித்துச் சரிசெய்வது தற்காலிகம்தான், ஃபர்ம்வேரைத் திருத்துங்கள்.

*

பேட்டரி ஏன் சீக்கிரம் தீர்கிறது என்பதற்குப் பதில்: 10 பைட் தகவல் எஸ்எஃப் 7-ல் 62 மில்லிசெகண்ட், எஸ்எஃப் 10-ல் 371, எஸ்எஃப் 12-ல் 1483. இருபத்து நான்கு மடங்கு! 15 நிமிடத்துக்கு ஒரு தடவை, 40 மில்லியாம்ப் என்று வைத்தால் ஒரு நாளுக்கு எஸ்எஃப் 7-ல் 0.07 மில்லியாம்ப்-அவர், எஸ்எஃப் 12-ல் 1.6. தி திங்ஸ் நெட்வொர்க் என்ற பொது லோராவான் சேவையின் இலவச எல்லை ஒரு நோடுக்கு நாளொன்றுக்கு 30 வினாடி அனுப்பும் நேரம். எஸ்எஃப் 12-ல் 20 பாக்கெட்டிலேயே தீர்ந்துவிடும். "எட்டவில்லை, எஸ்எஃப் 12 போட்டுப் பூட்டிவிட்டேன்" என்கிறவர்கள் ஆன்டெனா செலவைப் பேட்டரியில் கட்டுகிறார்கள்.

ஆனால் பேட்டரியைத் தின்பது பெரும்பாலும் ரேடியோ இல்லை. டெவலப்மென்ட் போர்டில் இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் சும்மா இருக்கவே 5 மில்லியாம்ப் குடிக்கும். நாளைக்கு 120 மில்லியாம்ப்-அவர். 2400 மில்லியாம்ப்-அவர் பேட்டரி 20 நாளில் காலி. புரோகிராம் நோடை எவ்வளவு அழகாகத் தூங்கவைத்தாலும் பயனில்லை. மீட்டரைத் தொடராக மாட்டித் தூக்கத்தில் 10 மைக்ரோஆம்ப் பக்கம் வருகிறதா என்று பாருங்கள், பிறகு களத்துக்குக் கொண்டுபோங்கள்.

இஆர்14505 லித்தியம் தயோனைல் பேட்டரி போடுகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். பல மாதம் அலமாரியில் இருந்தால் உள்ளே ஒரு படலம் படிந்திருக்கும். முதல் பாக்கெட்டில் வோல்டேஜ் சரிந்து நோடு ரீசெட் ஆகும், திரும்ப ஜாயின் கேட்கும், திரும்பச் சரியும். வெறும் மல்டிமீட்டரில் 3.6 காட்டுவதால் பேட்டரி மேல் சந்தேகமே வராது. 100 ஓம் சுமை கொடுத்துக்கொண்டே அளந்தால் குட்டு வெளிப்படும். இதற்கென்றே உள்ள பல்ஸ் கெபாசிட்டரை இணையாகப் போடுவது நல்லது. காசு வடிவ 5.5 வோல்ட் சூப்பர் கெபாசிட்டர் வேண்டாம். உள்தடை 30 ஓம் என்றால் 40 மில்லியாம்புக்கே 1.2 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும்.

*

மோட்டார் கட்டுப்பாட்டுக்கு இதைப் போடலாமா என்று கேட்ட தம்பிக்கு: போடலாம், ஆனால் ரேடியோவை நம்பி மோட்டாரை விடாதே. கிளாஸ் ஏ நோடு தானாகப் பேசிய பிறகுதான் காது கொடுக்கும், அதனால் ஸ்டார்ட்டருக்கு எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும் கிளாஸ் சி வேண்டும். மும்முனை மின்சாரம் போனால் அந்த நோடும் செத்துவிடும். வந்ததும் ஃபீடரில் உள்ள எல்லா நோடும் ஒரே நொடியில் ஜாயின் கேட்டு ஒன்றை ஒன்று அமுக்கும். பவர் வந்தபின் 0 முதல் 180 வினாடிக்குள் ஏதோ ஒரு தாமதம் விட்டு ஜாயின் போகட்டும்.

மோசமானது வரிசையில் நிற்கும் பழைய கட்டளை. மாலை 4 மணிக்கு "ஆன்" அழுத்தியிருப்பார்கள், கரண்ட் இல்லை. இரவு 11-க்குக் கரண்ட் வந்ததும் சர்வர் அந்த "ஆன்" கட்டளையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். கிணற்றில் தண்ணி இருக்கிறதா என்று பார்க்க ஆள் இல்லை. கட்டளைக்குள்ளேயே காலாவதி நேரமும் ஓட வேண்டிய நிமிடமும் இருக்கட்டும். "40 நிமிடம் ஓடு" என்று போனால் "ஆஃப்" வராவிட்டாலும் நிற்கும். ஜாயின் ஆனதும் சர்வரில் பழைய வரிசையைத் துடைத்துவிடு. தண்ணி இல்லாமல் ஓடினால் (ட்ரை ரன்) நிறுத்துவது, ஃபேஸ் தப்பினால் நிறுத்துவது இரண்டும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒப்புகை கேட்கும் பழக்கத்தையும் விடு. கேட்வே பேசும்போது கேட்காது. எஸ்எஃப் 12-ல் ஓர் ஒப்புகைக்கு ஏறக்குறைய ஒரு வினாடி. அந்த ஒரு வினாடி எட்டுச் சேனலும் செவிடு.

கான்டாக்டர் (ஸ்டார்ட்டருக்குள் மோட்டாரை இணைக்கும் சுவிட்ச்) விழும்போது நோடு ரீசெட் ஆனால் காயிலுக்குக் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் தொடராகப் போடு. 415 வோல்ட் காயில் என்றால் கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் 275 வோல்ட் கெபாசிட்டர் தாங்காது, வெடிக்கும். 440 வோல்ட் ஏசிக்கு மேல் தாங்குவதாகக் கேட்டு வாங்கு.

*

தொட்டி மட்டத்துக்கு ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். ஒலியை அனுப்பி எதிரொலியில் தூரம் அளக்கும் ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி சென்சாருக்கு முதல் 20, 25 செ.மீ. குருடு. தொட்டி நிரம்ப நிரம்ப அளவு தாறுமாறாகக் குதிக்கும், மோட்டார் நிற்காது. சென்சாரை மூடிக்கு மேலே 30 செ.மீ. தூக்கி வையுங்கள், ஆனால் 2 அங்குலக் குழாய்க்குள் வைக்காதீர்கள், குழாய்ச் சுவரே எதிரொலிக்கும். 6 அங்குலமாவது வேண்டும். விடிகாலையில் மட்டும் "தொட்டி நிரம்பியது" என்று வந்தால் சென்சார் முகத்தில் நீர்த்துளி கோத்திருக்கும். ஐந்து தடவை அளந்து நடு எண்ணை எடுத்து அனுப்புங்கள். தரைத் தொட்டிக்கு இரும்பு மூடி என்றால் ஆன்டெனாவை வெளியே எடுத்தே ஆக வேண்டும். மூடியில் 10 மி.மீ. ஓட்டை போட்டு ஆன்டெனாவை மேலே நிறுத்தினால் அந்த இரும்பே அதற்குத் தரைத்தளம்.